சொல்லின் நாலாவது துண்டு

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் எழுந்து போன பிறகும் ஒரு பெண் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். பின்தெரு மாடி வீட்டுக்காரி. தலையைக் குனிந்துகொண்டு, செய்த தப்பை ஒப்புக்கொள்கிற குரலில் பேசினாள்.

"அக்கா, எங்க மாமனார் நடக்க முடியாம மூணு வருஷம் படுத்தே கெடந்தாரு. லைட்டப் போடு, லைட்ட அணை, ஃபேனைக் கொறைன்னு நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு. நானும் மனுஷிதானே, எரிஞ்சு விழுவேன். ஒரு நாள் ட்யூப்லைட் மாத்த உங்க வீட்டு அண்ணன் வந்தப்ப, அவர் முன்னாலேயே மாமனாரை ஏதோ சொல்லிட்டேன். அண்ணன் ட்யூப்பை மாத்திட்டு, பையிலருந்து வயரை எடுத்து, சுவத்தோரமாவே இழுத்துக்கிட்டுப் போயி, கட்டில் தலைமாட்டுல ரெண்டு சுவிட்ச் வச்சிட்டாரு. நான் கேக்கவே இல்லக்கா. 'மிச்ச வயர்மா, பையில சும்மா கெடந்துச்சு'ன்னாரு. மாமனார் காதுக்கிட்ட குனிஞ்சு, 'இனிமே யாரையும் கூப்பிட வேண்டாம் ஐயா, நீங்களே போட்டுக்கோங்க'ன்னாரு. அன்னிக்கு எங்க மாமனார் அந்த லைட்டை எத்தனை தடவை போட்டுப் போட்டு அணைச்சாருன்னு நெனைக்கிறீங்க? சின்னப் புள்ள மாதிரி."

இறந்தவரின் மனைவி சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷம் ஒன்றாக இருந்த மனுஷன் இதை ஒரு நாளும் வீட்டில் சொன்னதில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நினைத்தாள். நினைத்த மறு நொடியே அந்த நினைப்பு முள்ளாகத் தைத்தது. அவர் வாய் திறந்த நேரத்தில் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்குத் தெரியும். மேலே இருக்கிறவனுக்கும் தெரியும்.

அவரை ஊரில் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். கல்யாணத்தன்றைக்கும் இருந்ததாம். "மாலையை மாத்தச் சொன்னா மாப்பிள்ளை பொண்ணு கையில கரண்ட் வருதான்னு பாக்கப்போறாரு" என்று அவர் தம்பி கிண்டல் செய்தது இன்னும் பேச்சில் இருக்கிறது. அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார், வேலையை முடிப்பார், சுவரில் ஒட்டிய தூசியைக்கூடத் துணியால் துடைத்துவிட்டு வருவார். அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவர் மனைவிதான். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் பேச்சு நிற்கவில்லை. யார் எதைச் சொல்லத் தொடங்கினாலும் பாதியில் பிடுங்கி முடித்து வைப்பாள். "நான் வாயத் தொறக்கறதுக்குள்ள என் வார்த்தைய நீ சாப்பிட்டுடுற" என்பார் அவர். "பசிக்குதுங்க, என்ன பண்ண" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அப்படித்தான் பொழுது போனது.

ஒரு நாள் காலையில் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது ரேசர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. அதோடு பேச்சும் போயிற்று. மூளையில் பேச்சு இருக்கிற பக்கத்துக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். அவளுக்கு அது விளங்கவில்லை. அவர் தம்பிதான் தங்கள் தொழில் பாஷையில் விளக்கினான். "அண்ணி, கரண்டு வருது. பல்பும் நல்லாத்தான் இருக்கு. நடுவுல எங்கயோ வயர் கட்டாயிருக்கு. அண்ணனுக்கு நாம சொல்றது எல்லாம் புரியும். அவருக்குள்ள வார்த்தையும் இருக்கு. வெளிய வரத்தான் வழி இல்ல."

அறுபட்ட வயரில் எப்படியோ ஒரே ஒரு சொல் மட்டும் தப்பித்துக்கொண்டது. "பரவாயில்ல." வாடிக்கையாளர்களிடம் வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய சொல், தேய்ந்து தேய்ந்து நாக்கிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. டீ வேண்டுமா என்றால் பரவாயில்ல. மருந்து கசக்கிறதா என்றால் பரவாயில்ல. எதிர்வீட்டுக்காரர் வந்து, "என்ன டெஸ்டர், எங்க வீட்டு மோட்டார் எரிஞ்சுபோச்சு" என்றால் அதற்கும் பரவாயில்ல. "எரிஞ்சது என் மோட்டாருய்யா, உங்களுக்குப் பரவாயில்லதான்" என்று எதிர்வீட்டுக்காரர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். டெஸ்டரும் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. அது எந்தத் தண்ணீர் என்று அவளுக்குத் தெரிந்தது.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்கென்று ஒரு சின்ன அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் ஒரு கண்ணாடி. அங்கே பயிற்சி கொடுக்கிற பெண்ணை அவள் டீச்சர் என்றே கூப்பிட்டாள். சின்ன வயசுதான், ஆனால் பொறுமைசாலி. முதல் நாளே டீச்சர் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் வாழ்க்கையில அதிகமாச் சொன்ன வார்த்தை எதும்மா? பழகின தடத்துல போறது லேசு."

அவள் யோசிக்கவே இல்லை. "கதவைத் தட்டினா உள்ளருந்து யாருன்னு கேப்பாங்க இல்ல? 'எலெக்ட்ரிஷன்'னு சொல்லுவாரு. ஒரு நாளைக்குப் பத்து வீடு. அதைத்தான் டீச்சர் அதிகமாச் சொல்லியிருப்பாரு."

டீச்சர் ஒரு தாளை எடுத்து நாலு கட்டம் போட்டாள். எ. லெக். ட்ரி. ஷன். மூன்றாவது கட்டத்தை மட்டும் பெரிதாக வரைந்தாள். "இங்கிலீஷ்ல நீளமான வார்த்தை எல்லாம் இப்படித் துண்டு துண்டாத்தான் இருக்கும். அதுல ஒரு துண்டுல அழுத்தம் விழும். இதுல மூணாவது. மத்ததெல்லாம் லேசா, ட்ரி மட்டும் ஏத்தி, ஓங்கி."

"நம்ம பேச்சுல அப்படி இல்லையே டீச்சர். எல்லாம் ஒரே வரிசையில சமமாத்தானே நடக்குது."

"ஆமாம்மா. இங்கிலீஷ்ல ஒண்ணு மட்டும் மேல ஏறி உக்காந்துக்கும், மத்தது ஒதுங்கி நிக்கும். அந்த ஏத்த இறக்கம்தான் நமக்கு வேணும். பாட்டு மாதிரி வரும். மூளையில பேச்சு போன பக்கம் வேற, பாட்டு இருக்கிற பக்கம் வேற."

பிறகு டெஸ்டரின் இடது கையைப் பிடித்து அவர் தொடையில் தட்டவைத்தாள். லேசாக ஒன்று, லேசாக ஒன்று, ஓங்கி ஒன்று, லேசாக ஒன்று. அப்படித் தட்டிக்கொண்டே சொல்லையும் ராகம் போட்டு இழுத்தாள். அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த அவள் கேட்டாள்.

"இதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா டீச்சர், ஒவ்வொரு துண்டுக்கும்?"

"ஒவ்வொண்ணுக்கும் இல்லம்மா. முன்னால வர்றது மொத்தமும் மின்சாரம். கடைசில ஷன்னு ஒட்டுது பாருங்க, அதுதான் ஆளு."

"நம்ம காரர் மாதிரியா? பால்காரர், தபால்காரர்?"

"அதேதான்!" டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க நல்லாப் படிச்சிருக்கலாம்மா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கடைசித் துண்டு ஒட்டாதவரைக்கும் அது வெறும் மின்சாரம். ஒட்டினால்தான் மனுஷன்.

இப்படிக் கஷ்டப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. டெஸ்டருக்குத் தொழில் லைசென்ஸ் இருந்தது. தம்பிக்கு வேலை தெரியும், லைசென்ஸ் கிடையாது. அண்ணன் பெயரில் லைசென்ஸ் இருந்தால், தம்பி ஏணியில் ஏறி வேலை பார்ப்பான். அண்ணன் கீழே உட்கார்ந்து சரிபார்த்து இடது கையால் கையெழுத்துப் போடுவார். அந்த லைசென்ஸ் அந்த வருஷம் புதுப்பிக்க வேண்டியது. உடம்புக்கு முடியாமல் போனவர்கள் நேரில் வந்து, பெயர் என்ன, தொழில் என்ன என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்று லைசென்ஸ் ஆபீசில் சொன்னார்கள். சொன்னால் போதும். அதைத் தம்பி வந்து சொன்ன அன்றைக்கு டெஸ்டர் கட்டிலிலிருந்து தானாகக் காலை இறக்கி உட்கார்ந்தார். டீச்சர் கட்டம் போட்ட தாளைக் காட்டினார். அவள் ஓடிப்போய் எடுத்துவந்தாள்.

மூன்று மாதம். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவை. அவள் கை மேலே, அவர் கை கீழே. பெயர் முதலில் வந்தது. பிறகு எ வந்தது, லெக் வந்தது. ட்ரி வருவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. வந்தபோது அவர் ஓங்கித் தட்டியதில் பக்கத்திலிருந்த டம்ளர் உருண்டது. ஆனால் ட்ரிக்கு அப்புறம் ஒரு பள்ளம். அங்கே வந்து நின்றுவிடுவார். கண் மட்டும் எங்கேயோ தேடும்.

டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அம்மா, அந்த எடத்துல நீங்க எடுத்துக் குடுத்துடாதீங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அவருக்குள்ள அது வழி தேடிக்கிட்டிருக்கும். நீங்க குடுத்தா தேடறத விட்டுடும்."

அவளைப் போன்றவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாய் சும்மா இருக்க முடியாததால் மனசுக்குள், "கடவுளே, குடு. கடவுளே, குடு" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அதுவே கணக்காகவும் ஆயிற்று. முதலில் பத்துப் பதினொரு தடவை குடு என்ற பிறகுதான் ஷன் வந்தது. பிறகு ஏழு. பிறகு நாலு. ஆபீசுக்குப் போவதற்கு முந்தின வாரம் மூன்றே தடவை. அவளுக்குக் கடவுள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்றே தோன்றியது.

ஆபீசில் ஒரு நீளமான அறை. வரிசையாக நாற்காலிகள், மேலே ஒரு மின்விசிறி லேசாகக் கிறுகிறுத்துக்கொண்டிருந்தது. டெஸ்டர் உட்கார்ந்ததுமே நிமிர்ந்து அதைப் பார்த்தார். பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அவர் முகமே சொன்னது. தம்பி குனிந்து, "அண்ணே, முதல்ல லைசென்ஸ வாங்குவோம், அப்புறம் ஃபேனைப் பாப்போம்" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அதிகாரி கெட்ட மனுஷர் இல்லை. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்க பேர் என்ன?" என்றார். டெஸ்டர் சொன்னார். தடுமாறினாலும் முழுசாகச் சொன்னார்.

"சரி. என்ன தொழில் செய்றீங்க?"

இடது கை தொடைக்கு வந்தது. லேசாக ஒரு தட்டு. "எ." இன்னொரு தட்டு. "லெக்." ஓங்கி ஒன்று. "ட்ரி."

பிறகு பள்ளம்.

கடவுளே, குடு. கடவுளே, குடு. கடவுளே, குடு. மூன்று ஆயிற்று. நாலு, ஐந்து ஆயிற்று. பின்னால் வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அதிகாரியின் பேனா தாளுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. ஏழு. அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு. டெஸ்டரின் காதோரம் ஒரு சொட்டு வியர்வை இறங்கியது. அந்தச் சொட்டைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. ஒன்பதாவது குடு என்று சொல்ல வேண்டிய இடத்தில், அவளை அறியாமல் வாய் திறந்துகொண்டது.

"ஷன்" என்றாள்.

சொல்லிவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் உதடு குவிந்திருந்தது. அந்தத் துண்டுக்கு எப்படிக் குவிய வேண்டுமோ அப்படி, கண்ணாடி முன்னால் மூன்று மாதம் பழகின மாதிரி. மூச்சுகூட வந்துவிட்டது. இன்னும் அரை நொடி. அந்தக் குவிந்த உதடு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லத் தளர்ந்து மூடிக்கொண்டது.

"அம்மா, நான் அவரைத்தான் கேட்டேன்" என்றார் அதிகாரி.

"ஐயா, அவருக்கு வரும். வந்துடுச்சு. நான்தான் பாவி, முந்திக்கிட்டேன். இன்னொரு தடவை கேளுங்க ஐயா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அதிகாரி இன்னொரு தடவை கேட்டார். குரலைத் தணித்து, மெதுவாகவே கேட்டார். டெஸ்டர் தரையைப் பார்த்தார். கை தொடையில் கிடந்தது. அது அசையவில்லை.

"பரவாயில்ல" என்றார்.

படியிறங்கும்போது தம்பிக்கு அடக்க முடியவில்லை. "ஏன் அண்ணி, வாயை வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாதா உங்களால? அவர் சொல்லியிருப்பாரு. சொல்லியிருப்பாரு அண்ணி!" அவள் டெஸ்டரைக் கைத்தாங்கலாகப் பிடித்து அடுத்த படியில் இறக்கினாள்.  அடுத்த மாதம் தம்பி வேறு ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். குடும்பம் இருக்கிறதே, அவனைக் குறை சொல்ல முடியாது. வாரம் தவறாமல் வந்து அண்ணனைப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

டெஸ்டர் அவளிடம் கோபப்படவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார், கைத்தாங்கலாகப் பிடித்தால் நடந்தார். அடுத்த வருஷம் திரும்பவும் விண்ணப்பிக்கலாம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவள் தாளை எடுத்து வந்து உட்கார்ந்தால், இடது கையை மடியிலிருந்து எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொள்வார். அவளிடம் அந்த ஒற்றைச் சொல்லைக்கூடச் சொல்வதில்லை. டீ வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவதோடு சரி.

ஒரு மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டு வாளியோடு உள்ளே வந்தவள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். குளிக்கப் பிடித்துக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டுப் போயிருந்தாள், உள்ளே அவர் தனியாக இருந்தார். பிளாஸ்டிக் வாளியில் தட்டுகிற சத்தம். லேசாக, லேசாக, ஓங்கி. ஒரு சின்ன இடைவெளி. பிறகு லேசாக.

"எ. லெக். ட்ரி. ஷன்."

நாலு துண்டும் வந்தன. இரண்டாவது தடவை இடைவெளியே இல்லை. மூன்றாவது தடவை, கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்கிற பழைய குரலிலேயே வந்தது. அவள் இல்லாத இடத்தில் அவருக்கு வருகிறது. அவள் காலி வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சத்தம் கேட்காமல் பின்வாங்கி, சமையலறைக்குப் போய் அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "கடவுளே, நீ குடுத்துட்ட. நான் தள்ளி நின்னா போதும்னு இப்பத்தான் புரியுது" என்று அழுதாள்.

அன்றைக்கே ஒரு நேர்த்திக்கடன்போல மனசில் எடுத்துக்கொண்டாள். இனி அவர் சொல்ல வேண்டிய எதையும், ஒரு எழுத்தைக்கூட, தான் சொல்வதில்லை. சொன்னபடி இருந்தாள். எதிர்வீட்டுக்காரர் அவரிடம் ஏதாவது கேட்டால், பதில் வருகிறவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முடி வெட்டுகிறவர், "எப்படி வெட்டணும் அண்ணே?" என்று கேட்டுவிட்டுக் கத்தரியோடு காத்திருந்தார், அவளும் காத்திருந்தாள். "என்ன அக்கா, உங்களுக்கும் பேச்சு போயிடுச்சா?" என்றார் அவர். அவள் சிரித்தாள். உதட்டின் உள்பக்கம் கடித்துக் கடித்துப் புண்ணாகியிருந்தது. டெஸ்டர் அதைக் கவனித்தாரோ இல்லையோ, தெரியாது. அந்தக் குடும்பத்தில் இப்போது இரண்டு பேரும் பேசாதவர்கள்.

இப்படி நாலு மாதம் போயிற்று. ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சட்டையின் முன்பக்கத்தை இடது கையால் கசக்கிப் பிடித்தார். முகம் சாம்பலாக இருந்தது. அவள் தம்பிக்கு போன் போட்டாள். அவன் வண்டியோடு வந்தான். கால் மணி நேரத்தில் மருத்துவமனையில் இருந்தார்கள். தள்ளுகட்டிலில் படுக்கவைத்து அவசரப் பிரிவின் கதவு வரைக்கும் கொண்டுபோனார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவளை விடவில்லை. ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கம் எல்லாம் முடிந்துவிட்டது. இந்தப் பக்கம் நடந்ததை மட்டும்தான் சொல்ல முடியும்.

கதவுக்கு முன்னால் நர்ஸ் கையில் அட்டையோடு அவர் மேல் குனிந்தாள். "ஐயா, எங்க வலிக்குது? எப்பருந்து வலிக்குது? வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

டெஸ்டர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும். எந்த நேரம் தொடங்கியது, எந்த மாத்திரை, என்ன நிறம், காலையில் எத்தனை, சாயந்தரம் எத்தனை. எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏம்மா, நீங்களாவது சொல்லுங்களேன்."

"அவரே சொல்லுவாரும்மா. கொஞ்சம் பொறுங்க" என்றாள் அவள், விரல்களுக்கு இடையிலிருந்து.

"பொறுக்கிற கேஸ் இல்லம்மா இது!"

"அண்ணி!" என்றான் தம்பி பின்னாலிருந்து. அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் இல்லை இல்லை என்று ஆட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் விரல் வழியாக வழிந்தது.

டெஸ்டர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம், நேருக்கு நேராக. அந்தப் பொத்திய கையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். இடது கை கட்டிலின் கம்பியைத் தாண்டி வந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்து, வாயிலிருந்து கையைக் கீழே இறக்கியது. பிறகு அவர் நர்ஸ் பக்கம் திரும்பினார். எதையும் தட்டவில்லை, எண்ணவில்லை. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அவ... சொல்லுவா."